சுவரில் வாய், பேஸ்மென்றில் வயிறு

வீட்டுச் சூடு, வீட்டுக் குளிர் பற்றி வாசகர்கள் கேட்பவற்றுக்கு, 22 வருடமாக ரொறன்ரோவில் பேர்னஸ்களுக்கு (வீட்டைச் சூடாக்கும் அடுப்புகளுக்கு) முன்னால் முழங்காலில் நிற்கும் ஒருவரின் பதில்கள்.

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஸ்மார்ட் தெர்மோஸ்ராற் பற்றியவை, அதாவது சுவரில் இருந்து வீட்டின் சூட்டையும் குளிரையும் கட்டுப்படுத்தும் கருவி பற்றியவை. கறுப்பு வெள்ளி மலிவுவிற்பனை முடிந்து, பெட்டியைப் பிரித்து, சுவரில் மாட்டி, முதற்குளிரும் வந்தாயிற்று என்று விளங்குகிறது.

கேள்வி: அண்ணை, மார்க்கம் நகரில் வீடு வாங்கி இரண்டு வருடம். பேர்னஸும் ஏசியும் ‘ரூ ஸ்ரேஜ்’ என்று விற்றவர் பெருமையாகச் சொன்னார். நானே ஒரு ஸ்மார்ட் தெர்மோஸ்ராற் வாங்கி, பழைய வயர்களை நிறம் பார்த்து மாட்டினேன். வேலை செய்கிறது. ஆனால் போனில் பார்த்தால் எப்போதும் ‘ஸ்ரேஜ் 1’ மட்டும்தான். கீழே பேர்னஸோ சில நேரம் பெரிய இரைச்சலோடு ஓடுகிறது. போனை நம்புவதா, காதை நம்புவதா?

பதில்: காதை நம்புங்கோ, தம்பி.

சுவரில் இருப்பது வெறும் வாய். ‘பசிக்குது’ என்று சொல்லத்தான் அதற்குத் தெரியும். வயிறு பேஸ்மென்றில் இருக்கிறது. வாய்க்கும் வயிற்றுக்கும் நடுவில் ஓடும் மெல்லிய வயர்களின் எண்ணிக்கைதான் உங்கள் பிரச்சினை முழுவதும்.

ரூ ஸ்ரேஜ் பேர்னஸ் என்றால் இரண்டு அடுப்பு இல்லை. அடுப்பு ஒன்று, எரிவது இரண்டு மாதிரி. 80,000 பி.ரி.யு. (சூட்டின் அளவு) பேர்னஸ் ஒன்றை எடுத்தால், முதல் ஸ்ரேஜில் அதில் 65 முதல் 70 வீதம்தான் எரியும். மிச்சம் இரண்டாம் ஸ்ரேஜில். அந்த முழுப் பலமும் −20 பக்கம் போகிற சில நாட்களுக்குத்தான் வேண்டும். நவம்பரிலும் மார்ச்சிலும் சின்ன எரிப்பில் நீண்ட நேரம், சத்தமில்லாமல் ஓடினால் மேல் அறையும் கீழ் அறையும் ஒரே மாதிரிச் சூடாக இருக்கும். நீங்கள் காசு கொடுத்தது அதற்குத்தான்.

இப்போது வயருக்கு வருவோம். தெர்மோஸ்ராற்றில் ‘ஆர்’ என்பது 24 வோல்ற் வருகிற வழி. ‘சீ’ திரும்பிப் போகிற வழி. ‘ஜீ’ காற்றாடி. ‘டபிள்யூ-1’ முதல் சூடு, ‘டபிள்யூ-2’ இரண்டாம் சூடு. ‘வை-1’, ‘வை-2’ ஏசிக்கு அதே மாதிரி. உங்கள் பழைய தெர்மோஸ்ராற் ஒரே ஸ்ரேஜ் தெரிந்த சாதாரணமானது. ஆகவே டபிள்யூ-2 வுக்கு வயரே மாட்டியிருக்க மாட்டார்கள். நீங்கள் இருந்ததை அப்படியே மாற்றி மாட்டியிருக்கிறீர்கள். புதிய வாய் எவ்வளவு கெட்டிக்கார வாய் என்றாலும், ‘கொஞ்சம் பசி’, ‘கடும் பசி’ என்று பிரித்துச் சொல்ல இரண்டாவது வயர் இல்லை.

அப்படியானால் இரைச்சல் எங்கிருந்து? பேர்னஸை இயக்கும் மின்சுற்றுப் பலகையான போர்ட்டுக்குள் ஒரு ரைமர் இருக்கிறது. ஒரே ஸ்ரேஜ் தெர்மோஸ்ராற்றோடு வேலை செய்ய வேண்டி வந்தால், முதல் ஸ்ரேஜில் ஒரு பத்து நிமிடம் ஓடிப் பார்த்துவிட்டு, இன்னும் கேட்டுக்கொண்டிருந்தால் தானாகவே இரண்டுக்குத் தாவும். இது உங்கள் போனுக்குத் தெரியாது. அதனால் போன் பொய் சொல்லவில்லை, அதற்குத் தெரிந்த அளவில் உண்மை சொல்கிறது.

சரி, என்ன செய்வது? முதலில் சுவரைப் பார்க்காமல் பேஸ்மென்றுக்கு இறங்குங்கோ. பேர்னஸின் பக்கத்தில் உள்ள சுவிச்சை நிற்பாட்டி, கீழ்க் கதவைக் கழற்றி, போர்ட்டை ஒரு படம் எடுங்கோ. எதையும் தொட முதல் படம். சுவரில் இருந்து வரும் கேபிளின் மண்ணிறத் தோல் முடியும் இடத்தில், பாவிக்காத ஒன்றிரண்டு வயர்களைப் பின்பக்கமாகச் சுற்றி விட்டிருப்பார்கள். பெரும்பாலான வீடுகளில் இருக்கும். அதுதான் உங்கள் டபிள்யூ-2. மேலே சுவருக்குள்ளும் அதே நிறம் சுருண்டு கிடக்கும். இரண்டு பக்கமும் மாட்டுங்கோ. பிறகு போர்ட்டில் வரிசையாக இருக்கும் சின்ன வெள்ளைச் சுவிச்சுகளில் ஒன்றை ‘இரண்டு ஸ்ரேஜ் தெர்மோஸ்ராற்’ என்ற பக்கம் தள்ள வேண்டும். எது என்று கழற்றிய கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கும் வரைபடத்தில் இருக்கிறது. பல்லுக்குத்தும் குச்சி போதும். கடைசியாகத் தெர்மோஸ்ராற் மெனுவில் இரண்டு ஸ்ரேஜ் என்று காட்டுகிறதா என்று பாருங்கோ. இந்த மூன்றில் ஒன்றை விட்டாலும் முழுதும் வீண். வயர் இழுத்து, மெனுவும் மாற்றி, அந்த வெள்ளைச் சுவிச்சை மட்டும் மறந்த வீடுகளை நான் எண்ணி முடியாது.

சோதிக்க, கதவை மூடிச் சுவிச்சைப் போட்டு, அறை வெப்பத்தைவிட 5 பாகை கூட்டி வைத்துவிட்டுப் போனைப் பாருங்கோ. ‘ஸ்ரேஜ் 2’ என்று காட்டி, கீழே இரைச்சலும் கூடினால் வாய் ஒழுங்காகப் பேசுகிறது. கதவு சரியாக மூடாவிட்டால் பேர்னஸ் உயிர் பிடிக்காது, கதவோரம் ஒரு பாதுகாப்புச் சுவிச் இருக்கிறது. அதைத் தெரியாமல் ‘தெர்மோஸ்ராற் செத்துப்போச்சு’ என்று சாமத்தில் என்னை எழுப்பியவர்கள் உண்டு. இந்த மெல்லிய வயர் வேலையை வீட்டுக்காரர் செய்யலாம். காஸ் வால்வு, காஸ் குழாய்ப் பக்கம் கை வைக்க வேண்டாம். ஒன்ராறியோவில் அதற்கு, தொழில்நுட்பப் பாதுகாப்பைக் கவனிக்கும் ரி.எஸ்.எஸ்.ஏ. அமைப்பின் அனுமதிப்பத்திரம் உள்ளவர் வேண்டும்.

‘நிறம் பார்த்து மாட்டினேன்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குப் பழைய வடு. நான் இந்தத் தொழிலுக்கு வந்து முதற்குளிர். வெளியே −17. மோல்வேனில் ஒரு ரவுன்ஹவுஸ். நீல வயர் சும்மா கிடக்குது, நீலம் என்றால் சீ, என்று பேர்னஸ் அடியில் சீயில் பூட்டினேன். சத்தமில்லாமல் எல்லாம் அணைந்தது. பிறகு தேடிப் பார்த்தால், எவரோ எப்போதோ கேபிள் எட்டாமல், குசினிக் கூரைக்குள் அந்த நீலத்தைச் சிவப்போடு முறுக்கி இணைத்திருக்கிறார். ‘ஆர்’ வயரும் ‘சீ’ வயரும் நேராக முட்டி, போர்ட்டில் இருந்த ஊதா நிற 3 அம்பியர் பியூஸ் போய்விட்டது. என் வான் வண்டியில் மாற்றுப் பியூஸ் ஒன்றும் இல்லை. நல்லகாலம், அது கார்களில் போடுகிற அதே தட்டைப் பியூஸ். பெற்றோல் நிலையத்தில் ஒரு பைக்கற் வாங்கி வந்தேன். அதுவரை அந்த வீட்டு ஆச்சி இரண்டு போர்வையைப் போர்த்துக்கொண்டு, எனக்கும் தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு, ‘தம்பி படிச்சிட்டோ வந்தனீர்?’ என்று கேட்டா. நிறம் ஒரு வழக்கம், அவ்வளவுதான். வயர் எந்த எழுத்தில் மாட்டியிருக்கிறது என்பதுதான் கணக்கு.

ஏசிக்கு இன்னொரு சங்கதி. பேர்னஸில் இருந்து வெளியே நிற்கும் பெட்டிக்கு வேறொரு கேபிள் போகிறது. அதில் இரண்டே வயர் என்றால் வை-1, வை-2, சீ மூன்றுக்கும் இடமில்லை. சுவரில் எத்தனை வயர் இழுத்தாலும் இரண்டாம் ஸ்ரேஜ் வராது. வெளிக் கேபிளையும் மாற்றத்தான் வேண்டும்.

சும்மா கிடக்கிற வயர் ஒன்றுமே இல்லாவிட்டால்? ரைமரோடேயே விடுங்கோ. அந்தப் பத்து நிமிட ரைமர் ஒன்றும் முட்டாள் இல்லை. அதற்காகச் சுவர் உடைக்கச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: ஸ்காபரோவில் 1970களில் கட்டிய வீடு. புதிய தெர்மோஸ்ராற்றின் திரை அடிக்கடி இருண்டு மீண்டும் தொடங்குகிறது. இரவில் கீழே ‘டிக் டிக் டிக்’ என்று ஒரு சத்தம். மாட்டியவர் ‘வைஃபை பிழை’ என்கிறார்.

பதில்: வைஃபையில் பிழையே இல்லை. உங்களுக்குச் சீ வயர் இல்லை.

பழைய வட்டத் தெர்மோஸ்ராற், ஹனிவெல் 1953 இல் கொண்டுவந்த அந்த மாதிரி, உள்ளே பாதரசக் குமிழ் சரிந்தால் வேலை செய்யும். அதற்குச் சாப்பாடு தேவையில்லை. (கழற்றியதைக் குப்பையில் போட வேண்டாம், பாதரசம் இருக்கிறது. நகரசபையின் அபாயக் கழிவு நிலையத்தில் கொடுங்கோ.) ஸ்மார்ட் என்பது திரை, வைஃபை, உணரி எல்லாம் உள்ள ஒரு சின்னக் கணினி. 24 மணி நேரமும் மின்சாரம் வேண்டும். சீ இல்லாவிட்டால் சில மாதிரிகள் சூட்டுக்கும் ஏசிக்கும் போகிற வயர்களில் இருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் களவாக உறிஞ்சும். சில போர்ட்டுகள் அதைத் தாங்கும். சில போர்ட்டுகள் ‘என்னை ஓடச் சொல்றியா, இல்லையா?’ என்று குழம்பி, ரிலே என்ற மின்சுவிச்சை அடித்துக்கொண்டிருக்கும். அதுதான் உங்கள் டிக் டிக்.

நாலு வயர் மட்டும் உள்ள வீட்டுக்கு, பேர்னஸ் போர்ட்டில் பூட்டும் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. 2007 இல் எங்கள் ரொறன்ரோவிலேயே தொடங்கிய ஈகோபீ கம்பனி போன்றவர்கள் இதற்கென்றே அதைச் செய்திருக்கிறார்கள். அது இரண்டு வயர்களில் மூன்று செய்தியைக் கடத்தி, மிஞ்சும் வயரில் சீயை உண்டாக்கித் தரும். மாட்டினால் திரை இருளாது.

ஆனால் உங்கள் வீட்டிலும் ரூ ஸ்ரேஜ் பேர்னஸ் என்று கடிதத்தின் அடியில் எழுதியிருக்கிறீர்கள். ஐந்தாவதாக ஒரே ஒரு வயர் கிடைத்தால் அதைச் ‘சீ’ இடத்துக்குக் கொடுப்பதா, டபிள்யூ-2 வுக்குக் கொடுப்பதா? நான் யோசிக்காமல் சீ என்பேன். இரண்டாம் ஸ்ரேஜைப் போர்ட் ரைமர் பார்த்துக்கொள்ளும். சாப்பாடு இல்லாத தெர்மோஸ்ராற்றை யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

பழைய கேபிளின் நுனியில் புதிய எட்டு வயர்க் கேபிளைக் கட்டி இழுத்துப் பார்க்கலாம். மரச் சட்டத்தோடு ஆணி அடித்திருந்தால் வராது. தெர்மோஸ்ராற் உள்ள சுவர் நேரே பேஸ்மென்றுக்கு மேல் என்றால் கீழிருந்து துளை போட்டு ஏற்றலாம். ஒரு மணி நேர வேலை. எட்டு வயரே வாங்குங்கோ, ஐந்து வயரை வாங்கிப் பிறகு அழ வேண்டாம்.

கேள்வி: பிரம்ரனில் இருக்கிறோம். போன கோடையில் காஸ் பேர்னஸை வைத்துக்கொண்டே ஹீற் பம்ப் போட்டோம். தெர்மோஸ்ராற்றை நான் மாற்றிய பிறகு, சூடு கேட்டால் குளிர்க் காற்று வருகிறது. சில நேரம் ஹீற் பம்ப் பாதியில் நின்றும் போகிறது.

பதில்: இரண்டு பிழை இருக்கிறது.

குளிர்க் காற்று வருவது ‘ஓ/பீ’ என்ற வயரால். ஹீற் பம்ப் என்பது முன்னும் பின்னும் ஓடக்கூடிய ஏசி. திசை மாற்றும் வால்வுக்கு அந்த வயர் கட்டளை கொடுக்கிறது. பெரும்பாலான கம்பனிகள் குளிருக்கு அந்த வால்வை இயக்கும், அது ‘ஓ’. றீம், றூட் போன்றவற்றில் சூட்டுக்கு இயக்கும், அது ‘பீ’. மெனுவில் இரண்டு தெரிவும் இருக்கும். மாற்றி வைத்துப் பாருங்கோ, ஐந்து நிமிடத்தில் தெரியும்.

இரண்டாவதுதான் எனக்குக் கவலை. உங்கள் ஹீற் பம்ப் கொயில் (சுருள் குழாய்) பேர்னஸின் தலைக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது. பேர்னஸ் எரியும்போது பம்ப்பும் ஓடினால், சுட்ட காற்று அந்தக் கொயிலில் போய் அடித்து உள்ளே அழுத்தம் ஏறும். பம்ப் தன்னைக் காப்பாற்ற நின்றுவிடும். ஆகவே உதவிச் சூடு எது என்று தெர்மோஸ்ராற் கேட்கும் இடத்தில் ‘மின்சாரம்’ என்று விட்டிருந்தால் ‘பேர்னஸ்’ என்று மாற்றுங்கோ. மின்சாரச் சூடு என்றால் இரண்டையும் சேர்த்து ஓட விடும். காஸ் பேர்னஸ் என்று தெரிந்தால் ஒன்றை நிற்பாட்டித்தான் மற்றதைத் தொடங்கும்.

பிறகு மாறும் வெப்பநிலை. வெளியே எத்தனை பாகைக்குக் கீழே போனால் பம்ப்பை விட்டுப் பேர்னஸுக்குப் போவது? நான் −5 இல் தொடங்கி, இரண்டு மாத பில் பார்த்து நகர்த்துவேன். இந்த எண்ணை ஒரு தரம் வைத்துவிட்டு மறக்கிறவர்களே அதிகம். இரவு 11 முதல் காலை 7 வரை மிக மலிவான மின்கட்டணத் திட்டம் 2023 இல் வந்தது. அதில் இருப்பவருக்கு இரவில் பம்ப் இன்னும் தாழ்வான குளிர் வரை ஓடினாலும் கட்டும். அயல் வீட்டுக்காரரின் எண்ணைக் கொப்பி அடிக்க வேண்டாம், அவருடைய திட்டம் வேறாக இருக்கும்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பேர்னஸ், ஏசி, தெர்மோஸ்ராற் மூன்றும் கரியர் இன்ஃபினிற்றி. மகன் வேறொரு ஸ்மார்ட் தெர்மோஸ்ராற்றைப் பிறந்தநாளுக்கு வாங்கித் தந்திருக்கிறான். மாட்டலாமா? (மிசிசாகா)

பதில்: சுவரில் ஏ, பீ, சீ, டீ என்று நாலு எழுத்து இருந்தால் அது வேறு பாஷை. அந்த வயர்களில் ‘ஓடு, நில்’ என்ற கட்டளை இல்லை, தரவு போகிறது. வெளியார் தெர்மோஸ்ராற்றை மாட்ட ஒரு வழி செய்தாலும், ஏறி இறங்கி ஓடுகிற இயந்திரத்தை ஒன்றிரண்டு ஸ்ரேஜுக்குச் சுருக்குவீர்கள். மகனுக்கு நன்றி சொல்லிப் பெட்டியைப் பிரிக்காமல் திருப்பிக் கொடுங்கோ.

கேள்வி: ஏஜாக்ஸில் இருந்து மருமகள் எழுதுகிறேன். மாமி குளிர்ந்தால் 28 இல் வைத்துவிடுகிறா. ‘கூட வைத்தால் கெதியாச் சூடு வரும்’ என்கிறா. கெதியாக வராது, கடைசியில் சூடு கூடத்தான் வரும் என்று நீங்களாவது எழுதுங்கோ, அண்ணை.

பதில்: தங்கச்சி, நீங்கள் கேட்ட மாதிரி எழுத எனக்கு ஆசைதான்.

என்னுடைய அம்மா பருத்தித்துறையில் இருந்து 2006 இல் வந்தா. வந்த முதல் வாரமே 28. ஒரே ஸ்ரேஜ் பேர்னஸ் அது. நான் அடுப்பை உதாரணம் காட்டாமல், தையல் மெஷினை உதாரணம் காட்டாமல், நேராகவே சொன்னேன்: ‘அம்மா, அது ஓடும், அல்லது ஓடாது. நடுவில் ஒன்றுமில்லை. 22 இல் வைத்தாலும் 28 இல் வைத்தாலும் ஒரே வேகம்.’ அது அன்று சரி.

2013 இல் ரூ ஸ்ரேஜ் போட்டு, டபிள்யூ-2 வும் இழுத்து, ஸ்மார்ட் ஒன்றை மாட்டினேன். ஒரு நாள் போனில் கோட்டுப் படத்தைப் பார்த்தால், அம்மா 28 ஐத் தொட்ட நேரங்களில் எல்லாம் இரண்டாம் ஸ்ரேஜ் பற்றியிருக்கிறது. ஏனென்றால் கேட்ட சூட்டுக்கும் இருக்கிற சூட்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால், தெர்மோஸ்ராற் முதல் ஸ்ரேஜோடு மினக்கெடாது. அதாவது இந்த வீட்டில் அம்மா சொன்னது சரி. கெதியாகத்தான் சூடு வந்திருக்கிறது. உங்கள் பேர்னஸும் ரூ ஸ்ரேஜ், டபிள்யூ-2 வும் இழுத்திருக்கிறது என்றால் மாமியோடு வாதாட வேண்டாம். தோற்பீர்கள்.

ஆனால் அதற்கு 28 வேண்டாம். பல தெர்மோஸ்ராற்றுகளுக்கு இரண்டு பாகை இடைவெளியே போதும். பிரச்சினை மாமி கூட்டுவதில் இல்லை, பிறகு குறைக்க மறப்பதில். மெனுவில் ‘ஆகக்கூடிய சூடு’ என்று ஓர் எல்லை இருக்கிறது. அதை 24 ஆக்குங்கோ. திரையில் மாமி கையால் தள்ளலாம், 24 க்கு மேல் போகாது. பூட்டுக் குறியீடு போட்டு வைக்காதேங்கோ, வயதானவரைச் சொந்த வீட்டில் விருந்தாளி ஆக்குகிற வேலை அது.

இதே காரணத்தால் உங்களுக்கும் ஒன்று. இரவு 16 க்கு இறக்கிக் காலை 22 க்கு ஏற்றினால் காசு மிச்சம் என்று பலர் செய்கிறார்கள். ஆறு பாகை இடைவெளியைப் பார்த்துத் தெர்மோஸ்ராற் காலையில் நேராக இரண்டாம் ஸ்ரேஜைப் பிடிக்கும். சின்ன எரிப்பின் அமைதிக்கு என்று கூடக் காசு கொடுத்து வாங்கியதை ஒவ்வொரு காலையும் பாவிக்காமல் விடுகிறீர்கள். ஹீற் பம்ப் வீட்டில் இது இன்னும் மோசம், உதவிச் சூடு ஓடிவரும். ரூ ஸ்ரேஜ் வீட்டில் இரண்டு பாகைக்கு மேல் நான் இறக்குவதில்லை.

கேள்வி: அபார்ட்மென்ற் ஒன்றில் சுவரோரம் நீட்டு மின்சார ஹீற்றர்கள். இந்த ஸ்மார்ட் தெர்மோஸ்ராற்றை மாட்டலாமா?

பதில்: பழையதைக் கழற்றினால் தடித்த வயர் இரண்டோ நாலோ, தொப்பி போட்டு முறுக்கியிருக்கும். அது 240 வோல்ற். 24 வோல்ற் தெர்மோஸ்ராற்றை அதில் மாட்டினால் புகைதான். அதற்கென்றே செய்தவை இருக்கின்றன, நியூஃபவுண்ட்லாந்தில் உருவான மைசா அப்படி ஒன்று. ஸ்ரேஜ் என்ற பேச்சே அங்கே கிடையாது.

கேள்வி: தைக்கு ஊருக்குப் போய் ஆறு கிழமை நிற்கப் போகிறோம். போனில் பார்க்கலாம்தானே, தெர்மோஸ்ராற்றை எத்தனையில் விடுவது? (ஸ்காபரோ)

பதில்: 16 க்குக் கீழே விட வேண்டாம். வெளிச்சுவரோடு போகிற குழாய் அறையைவிட எவ்வளவோ குளிராக இருக்கும். 10 பாகைக்குக் கீழே இறங்கினால் போனுக்கு எச்சரிக்கை வரச் செய்யுங்கோ. ஆனால் வீட்டில் மின்சாரமோ இன்ரர்நெற்றோ நின்றால் அந்த எச்சரிக்கையும் வராது. ஆகவே திறப்பை ஒரு சொந்தக்காரரிடம் கொடுத்து வந்து பார்க்கச் சொல்லுங்கோ. எத்தனை நாளுக்கு ஒருக்கால் பார்க்க வேண்டும் என்று காப்புறுதிப் பத்திரத்தை வாசியுங்கோ. வெளிக்கிடும் அன்று பேஸ்மென்றில் தண்ணீரின் பிரதான வால்வைப் பூட்டி, குசினிக் குழாயைத் திறந்து மிச்சத்தை வடியவிட்டுப் போங்கோ.